பழைய கார், மந்தமான தரவு: எஞ்சின் சென்சார் அளவுகளை லேப்டாப்பில் வேகமாக எடுக்க வழி உண்டா?

#1 இரண்டாம்கியர்

வணக்கம். என்னிடம் இருப்பது 1990களின் இறுதியில் வந்த 1.6 லிட்டர் பெட்ரோல் கார். ஸ்டியரிங்குக்குக் கீழே 16 முள் சாக்கெட் இருக்கிறது. தயாரிப்பாளர் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் வரும் பதில்கள் எல்லாம் அந்தக் கம்பெனி நல்லதா கெட்டதா என்றே போகும்.

ஆக்சிலரேட்டரை மெல்ல மிதித்து வேகம் கூட்டும்போது, கால் பங்கு மிதியில் வண்டி ஒரு கணம் தயங்கிவிட்டு மறுபடி இழுக்கிறது. எச்சரிக்கை விளக்கு எரிவதில்லை. பிழைக் குறியீடும் பதிவாகவில்லை. அந்தச் சாக்கெட்டில் ப்ளூடூத் அடாப்டரை மாட்டி லேப்டாப்பில் ஏழு அளவுகளைப் பதிவுசெய்து பார்த்தேன்: ஆர்.பி.எம்., த்ராட்டில் (காற்றை உள்ளே விடும் தகட்டின் திறப்பு), மேனிஃபோல்டு அழுத்தம் (எஞ்சினுக்குக் காற்று போகும் குழாயின் அழுத்தம்), இக்னிஷன் டைமிங் (தீப்பொறி விழும் நேரம்), ஆக்சிஜன் சென்சார், கூலன்ட் வெப்பநிலை, உள்ளே போகும் காற்றின் வெப்பநிலை. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2 நொடிக்கு ஒருமுறைதான் புதிதாகிறது. தயக்கமோ கண்ணிமைக்கும் நேரம். வரைபடத்தில் அது விழுவதே இல்லை.

காரோடு எந்த மொழியில் பேசுகிறாய் என்று அடாப்டரிடம் கேட்டால் ஐ.எஸ்.ஓ. 9141-2 என்கிறது. இதை வேகப்படுத்த வழி உண்டா, அல்லது பழைய வண்டி இவ்வளவுதானா?

#2 நீலப்பல்பகைவன்

ப்ளூடூத்தை முதலில் கழற்றுங்கள். யு.எஸ்.பி. கேபிள் அடாப்டர் வாங்குங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

#3 கேலைன்

கேபிளை மாற்றினால் கொஞ்சம் லாபம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நோய் அங்கே இல்லை. கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

ஐ.எஸ்.ஓ. 9141-2 ஒற்றைக் கம்பியில், அதாவது சாக்கெட்டின் 7ஆம் முள்ளில், நொடிக்கு 10,400 பிட் வேகத்தில் பேசுகிறது. தொடக்க பிட், முடிவு பிட் சேர்த்து ஒரு பைட்டுக்கு 10 பிட். ஆக, ஒரு பைட் போய்ச்சேர 1 மில்லிநொடிக்கும் குறைவு. ஆர்.பி.எம். கேட்கும் கோரிக்கை 6 பைட், பதில் 8 பைட். வெறும் கம்பி வேகத்தைப் பார்த்தால் கேள்வியும் பதிலும் 14 மில்லிநொடிக்குள் முடிந்துவிட வேண்டும். நொடிக்கு 70 முறை கேட்கலாம் போலத் தோன்றும்.

ஆனால் அந்தத் தரநிலை மௌனங்களையும் சட்டமாக்கி வைத்திருக்கிறது. கேட்பவர் தன் பைட்டுகளுக்கு நடுவே குறைந்தது 5 மில்லிநொடி விட வேண்டும். 6 பைட்டுக்கு 5 இடைவெளி, ஆக 25. பைட்டுகளின் நேரத்தையும் கூட்டினால் கோரிக்கைக்கே 31 மில்லிநொடி. ஈ.சி.யூ. (எஞ்சினை இயக்கும் கணினி) பதில் தொடங்குவதற்கு முன் 25 முதல் 50 வரை எடுத்துக்கொள்ளலாம். பதிலுக்கு 8. பதில் முடிந்தபின் அடுத்த கேள்விக்கு முன் குறைந்தது 55 காத்திருக்க வேண்டும். கூட்டுங்கள்: 31, 25, 8, 55. மொத்தம் 119 மில்லிநொடி. எல்லாம் நல்லபடியாக நடந்தாலும் நொடிக்கு 8 கேள்விதான். அதில் முக்கால்வாசிக்கும் மேல் சும்மா இருக்கும் நேரம்.

உங்களுக்கு அந்த 8 கூட வரவில்லை. ஏழு அளவுக்கு 2 நொடி என்றால் நொடிக்கு மூன்றரைக் கேள்வி. மிச்சத்தை அடாப்டர் தின்கிறது. இ.எல்.எம். 327 வகை அடாப்டர்கள், "வேறு ஏதாவது ஈ.சி.யூ.வும் பதில் சொல்லுமோ" என்று பதில் வந்த பிறகும் காத்திருக்கும். தொடக்க அமைப்பில் அந்தக் காத்திருப்பு சுமார் 200 மில்லிநொடி. 55க்குப் பதில் 200 போட்டுக் கூட்டிப் பாருங்கள், 264 வருகிறது. ஏழால் பெருக்கினால் உங்கள் 2 நொடி சற்றுக் குறைய அப்படியே வந்து நிற்கும்.

#4 இரண்டாம்கியர்

கணக்கு அப்படியே பொருந்துகிறது ஐயா, நன்றி. அந்த 200ஐக் குறைக்க முடியுமா?

#5 முனையச்சாளரம்

முடியும். அடாப்டரோடு நேரடியாகக் கட்டளை மொழியில் பேச வேண்டும். லேப்டாப்பில் ஏதாவது ஒரு டெர்மினல் நிரல் போதும்.

அதிகப் பலன் தருவது ஒரு சின்ன வித்தை. ஆர்.பி.எம். கேட்க 010சி என்று அனுப்புகிறீர்கள் அல்லவா? அதன் கடைசியில் 1 என்று ஓர் இலக்கம் சேர்த்து 010சி 1 என்று அனுப்புங்கள். "ஒரே ஒரு பதிலை எதிர்பார்க்கிறேன், அது வந்ததும் திரும்பிவிடு" என்று பொருள். அடாப்டர் மற்றவர்களுக்காகக் காத்திருக்காது. பிறகு ஏடி ஏடி 2. இது அடாப்டர் தானாகக் கற்றுக்கொள்ளும் காத்திருப்பைக் கடுமையாகக் குறைக்கச் சொல்கிறது. ஏடி எஸ்டி கட்டளையால் நேரடியாகவும் எல்லை வைக்கலாம். அதில் ஓர் அலகு 4 மில்லிநொடி. எதிரொலியை ஏடி இ0 கொண்டும், இடைவெளி எழுத்துகளை ஏடி எஸ்0 கொண்டும் நிறுத்துங்கள். நொடிக்கு 9600 பிட்டில் ஓடும் சீரியல் இணைப்பாக இருந்தால் இந்த எழுத்துகளும் நேரத்தைத் தின்னும்.

யு.எஸ்.பி. அடாப்டரில் எஃப்.டி.டி.ஐ. சிப் (யு.எஸ்.பி.யைச் சீரியலாக மாற்றுவது) இருந்தால் விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் லேட்டன்சி டைமர் என்று ஓர் அமைப்பு இருக்கும். தொடக்கத்தில் அது 16 மில்லிநொடி. அதை 1 ஆக்குங்கள். பெரும்பாலோர் இதைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். லினக்ஸிலும் அந்த போர்ட்டுக்குரிய கோப்பில் எண்ணை மாற்றலாம்.

ஓர் எச்சரிக்கை: மலிவு நகல் அடாப்டர்கள் தங்களை 2.1 பதிப்பு என்று அறிமுகப்படுத்திக்கொள்ளும், ஆனால் 1.3 பதிப்பிலேயே இருந்த கட்டளைகளுக்குக்கூடக் கேள்விக்குறியைத் திருப்பி அனுப்பும். மேலே சொன்னதில் ஏதாவது வேலை செய்யாவிட்டால் காரைச் சந்தேகிக்காதீர்கள்.

#6 நீலப்பல்பகைவன்

ஒரே கோரிக்கையில் ஆறு அளவுகளைக் கேட்கலாமே? நான் அப்படித்தான் எடுக்கிறேன், பிரமாதமாக ஓடுகிறது.

#7 முனையச்சாளரம்

உங்கள் வண்டி கேன் வகை, அதாவது 9141-2ஐவிடப் புதிய, வேகமான இணைப்பு. ஒரே கோரிக்கையில் ஆறு வரை கேட்கும் வசதி கேனுக்கு மட்டும்தான். அமெரிக்காவில் 2008 மாடலிலிருந்து எல்லா வண்டிக்கும் கேன் கட்டாயம். அதற்கு முன் எது வேண்டுமானாலும் இருக்கலாம். கேள்வி கேட்டவருடையது 9141-2. ஒரு கேள்விக்கு ஒரு பதில்தான்.

#8 சோக்குப்பிடி

எதற்கு இவ்வளவு? வேக்குவம் மானியையும் மல்ட்டிமீட்டரையும் வைத்து இந்தத் தயக்கத்தை அந்தக் காலத்தில் அரை மணி நேரத்தில் கண்டுபிடிப்போம். லேப்டாப் வந்த பிறகு எல்லோரும் திரையைப் பார்க்கிறார்கள், எஞ்சினை யாரும் பார்ப்பதில்லை.

#9 கேலைன்

மல்ட்டிமீட்டரின் திரை நொடிக்கு இரண்டு மூன்று முறைதான் மாறும் அண்ணா. அவருடைய அடாப்டரும் அதே லட்சணம்தான். முள் மானியாக இருந்தால் துடிப்பு தெரியும், அது வேறு விஷயம்.

#10 இரண்டாம்கியர்

இடைக்கால நிலவரம். யு.எஸ்.பி. அடாப்டருக்கு மாறினேன், இலக்கம் 1 சேர்ப்பது, லேட்டன்சி டைமர் இரண்டையும் செய்தேன். ஒரே ஓர் அளவைக் கேட்டால் நொடிக்கு ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் வருகிறது. கேலைன் ஐயா சொன்ன உச்சவரம்பில் போய் முட்டிவிட்டேன் என்று நினைக்கிறேன். கூலன்ட் வெப்பநிலை, காற்று வெப்பநிலை இரண்டையும் பட்டியலிலிருந்து தூக்கிவிட்டேன்.

முன்னைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் அந்தத் தயக்கம் பிடிபடவில்லை. த்ராட்டிலை மட்டும் தனியாகப் பதிவு செய்தபோது ஓர் இடத்தில் ஒரே ஒரு புள்ளி கீழே விழுந்திருந்தது. அது உண்மையா, தரவுப் பிழையா என்று தெரியவில்லை.

#11 வரைபடக்காரன்

வெப்பநிலைகளைத் தூக்கியது சரி, ஆனால் முழுவதும் தூக்க வேண்டியதில்லை. கூலன்ட் நொடிக்குள் மாறும் பொருள் அல்ல. முப்பது சுற்றுக்கு ஒருமுறை கேட்டால் போதும். வேகமாக மாறுவதை அடிக்கடியும் மெல்ல மாறுவதை எப்போதாவதும் கேட்கும்படி பல நிரல்களில் முன்னுரிமை கொடுக்கலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வரிசையாகக் கேட்டு வாங்கிய அளவுகள் ஒரே கணத்தைச் சேர்ந்தவை அல்ல. எஞ்சின் 6 நொடியில் 2500இலிருந்து 6500 ஆர்.பி.எம். ஏறினால் நொடிக்கு 667 ஏறுகிறது. ஐந்து அளவுகளை நொடிக்கு 8 கேள்வி வீதம் கேட்டால், முதலாவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே அரை நொடி. அதற்குள் எஞ்சின் 330 ஆர்.பி.எம். தாண்டிப் போயிருக்கும். பதிவுக் கோப்பின் ஒரே வரியில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதால் ஒரே நேரத்தவை என்று நம்பி டைமிங் அட்டவணையைத் திருத்தப் புறப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வோர் அளவுக்கும் தனி நேரமுத்திரை இடும் நிரலைப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் அந்த வரியை நம்பாதீர்கள்.

#12 கேலைன்

இப்போது உண்மையான வாசலுக்கு வருவோம். இதுவரை நாம் பேசியது ஓ.பி.டி. 2. அது புகைச் சோதனைக்காகச் சட்டம் கேட்ட பொதுமொழி. அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்து அது கட்டாயம். ஐரோப்பாவில் பெட்ரோல் வண்டிகளுக்கு 2001இல் வந்தது. தயாரிப்பாளர்களோ தங்கள் பணிமனைகளுக்கென்று தனி மொழி வைத்திருந்தார்கள். பெரும்பாலும் அதே 16 முள் சாக்கெட்டில், பல வண்டிகளில் அதே 7ஆம் முள்ளில்தான் அதுவும் ஓடுகிறது. வேகம் அங்கே இருக்கிறது.

சுபாருவின் எஸ்.எஸ்.எம். 2 மொழியைப் பாருங்கள். கம்பி வேகம் நொடிக்கு 4800 பிட்தான். 9141இல் பாதிகூட இல்லை. ஆனால் ஒரே கோரிக்கையில் பல நினைவக முகவரிகளைக் கேட்கலாம். கோரிக்கையில் ஒரு பைட்டை 0இலிருந்து 1 ஆக்கினால், நிறுத்தச் சொல்லும்வரை ஈ.சி.யூ. தானாகவே பதிலை மீண்டும் மீண்டும் அனுப்பிக்கொண்டே இருக்கும். ரோம்ரெய்டர் நிரலில் இது வேகப் பதிவு என்று ஓர் தேர்வாக இருக்கிறது. பத்து பைட் தரவுக்கு 16 பைட் பதில். 4800இல் அது 33 மில்லிநொடி. கணக்குப்படி பத்து அளவுகளும் நொடிக்கு 30 முறை வரும், அதுவும் ஒரே பொட்டலத்தில். கம்பி மெதுவானது, தரவு வேகமானது. நிறையப் பேர் பாட் வேகத்தை, அதாவது கம்பி வேகத்தை மட்டும் பார்த்து ஏமாறுவது இங்கேதான்.

நிசானின் கன்சல்ட் இன்னும் பழையது, 14 முள் சாக்கெட், நொடிக்கு 9600 பிட். எந்தெந்தப் பதிவேடுகள் வேண்டும் என்று ஒருமுறை சொல்லி, தொடங்கு என்று கட்டளை கொடுத்தால் போதும். அதன்பின் ஈ.சி.யூ. பொழிந்துகொண்டே இருக்கும். மிட்சுபிஷியின் எம்.யு.டி. 2 வேறு ரகம்: நொடிக்கு 15,625 பிட், ஒரு பைட் கேள்வி, ஒரு பைட் பதில். தலைப்புமில்லை, சரிபார்ப்புக் கூட்டலுமில்லை. ஜெனரல் மோட்டார்ஸின் ஒற்றைக் கம்பி ஜே1850 வண்டிகளில், வேண்டிய அளவுகளை முன்கூட்டியே ஒரு பொட்டலமாக வரையறுத்துவிட்டுத் தொடர்ந்து அனுப்பச் சொல்லலாம்.

கே.டபிள்யூ.பி. 2000, அதாவது ஐ.எஸ்.ஓ. 14230 பேசும் வண்டியாக இருந்தால், காத்திருப்பு நேரங்களைக் குறைத்துக்கொள்ளும்படி ஈ.சி.யூ.விடமே கேட்கும் சேவை ஒன்று தரநிலையில் இருக்கிறது. கேட்கலாம், மறுக்கவும் அதற்கு உரிமை உண்டு.

இவற்றுக்கு இ.எல்.எம். வகை அடாப்டர் பெரும்பாலும் உதவாது. கம்பியை அப்படியே சீரியல் போர்ட்டாக மாற்றும் எளிய கேபிள் வேண்டும்: எஃப்.டி.டி.ஐ. சிப்பும் எல்9637டி போன்ற ஒரு கே லைன் (அந்த 7ஆம் முள் கம்பி) சிப்பும். கே லைன் 12 வோல்ட்டில் இயங்குவது. 5 வோல்ட் சீரியல் முனையை நேராகத் தொட்டால் சிப் போய்விடும். ஒரே கம்பி என்பதால் நீங்கள் அனுப்பிய பைட்டுகளே உங்களுக்குத் திரும்பி வரும். நிரல் அவற்றை எடுத்துக் கீழே போட வேண்டும். உங்கள் நிரலை நீங்களே எழுதுவதாக இருந்தால் 9141இலேயே அந்த 5 மில்லிநொடி இடைவெளிகளைச் சுருக்கிப் பார்க்கலாம். பல ஈ.சி.யூக்கள் பொறுத்துக்கொள்கின்றன. சில பேசுவதை நிறுத்திவிடும். அப்போது நொடிக்கு 5 பிட் வேகத்தில் அழைப்பு அனுப்பி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்த அழைப்பு பைட்டுக்கு மட்டும் 2 நொடி.

#13 இரண்டாம்கியர்

என் வண்டியின் பணிமனை மொழியை யாரும் வெளியிட்டதாகத் தெரியவில்லை. ஈ.சி.யூ. கணக்குப் போட்ட டைமிங் எனக்கு இப்போது அவசரமில்லை. த்ராட்டில், மேனிஃபோல்டு அழுத்தம் இரண்டும் மட்டும் வேகமாகக் கிடைத்தால் போதும்.

#14 இணைமின்தடை

அப்படியானால் ஈ.சி.யூ.விடம் ஏன் கேட்கிறீர்கள்? சென்சாரிடமே கேளுங்கள். இரண்டும் 0 முதல் 5 வோல்ட்டுக்குள் மின்னழுத்தம் தருபவை. அர்டுவினோ ஊனோ என்ற சின்ன மைக்ரோகன்ட்ரோலர் பலகை போதும். ஒரு முறை படிக்க சுமார் 100 மைக்ரோநொடி, 10 பிட் துல்லியம், அதாவது 5 மில்லிவோல்ட்டுக்குச் சற்றுக் குறைவான படி. நான்கு சென்சார்களை நொடிக்கு 500 முறை படித்தால் 2 பைட் வீதம் நொடிக்கு 4000 பைட். சீரியலை 115200இல் வைத்தால் அதற்கு மேல் தாராளமாக இடம் இருக்கிறது, எண்களை எழுத்தாக அச்சடிக்காமல் பைனரியாக அனுப்பினால்.

எடுக்கும் விதம் முக்கியம். கம்பியை வெட்டாதீர்கள், ஈ.சி.யூ. கனெக்டரின் பின்பக்கமாக மெல்லிய ஊசி முனையைச் செருகி எடுங்கள். ஒவ்வொரு சிக்னலுக்கும் 10 கிலோ ஓம் தொடராக, பிறகு எர்த்துக்கு 100 நானோ ஃபாரட் மின்தேக்கி. இது 160 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள இக்னிஷன் இரைச்சலைத் தணிக்கும். எங்காவது கை தவறினால் அர்டுவினோவையும் ஓரளவு காப்பாற்றும். எர்த்தைப் பேட்டரியிலிருந்தோ பாடியிலிருந்தோ எடுக்காதீர்கள். சென்சார்களுக்கென்று ஈ.சி.யூ. வைத்திருக்கும் எர்த் முள்ளில் எடுங்கள். ஸ்டார்ட்டர், விசிறி, விளக்கு எல்லாம் ஓடும் எர்த்தில் சில நூறு மில்லிவோல்ட் ஏறி இறங்குவது சாதாரணம். அது அத்தனையும் உங்கள் த்ராட்டில் வரைபடத்தில் ஏறிக்கொள்ளும். லேப்டாப் பேட்டரியில் ஓடட்டும், சார்ஜரைப் பிடுங்கிவிடுங்கள்.

5 வோல்ட் ரெஃபரன்ஸ் கம்பியையும் ஒரு சேனலில் பதிவு செய்யுங்கள். இரண்டு சென்சாருக்கும் அதுதான் ஊட்டம். அது தொய்ந்தால் இரண்டும் சேர்ந்து தொய்யும். அப்போது குற்றவாளி சென்சார் அல்ல.

#15 சோக்குப்பிடி

ஈ.சி.யூ. கம்பியில் ஊசி குத்தச் சொல்கிறீர்களே, போனால் யார் பொறுப்பு?

#16 இணைமின்தடை

எதில் குத்தக்கூடாது என்று தெரிந்தால் பயமில்லை. காந்தச் சுருள் வகை கிராங்க் சென்சாரைத் தொடாதீர்கள். அது மாறுமின்னழுத்தம், வேகம் கூடக்கூட பல பத்து வோல்ட் வரை போகும். இக்னிஷன் காயிலின் எதிர்முனை பக்கமே போகாதீர்கள். பற்றவைக்கும் கணத்தில் 300, 400 வோல்ட் துள்ளும். ஆர்.பி.எம். வேண்டுமென்றால் டேக்கோமீட்டருக்குப் போகும் கம்பியிலிருந்து ஆப்டோகப்ளர் (சிக்னலை ஒளியால் கடத்தி, மின்சாரத்தைப் பிரித்து வைக்கும் சிப்) வழியாக எடுங்கள். ஆக்சிஜன் சென்சார் 1 வோல்ட்டுக்குள் பேசும் நோஞ்சான், 10 கிலோ ஓமும் மின்தேக்கியும் போட்டால் ஈ.சி.யூ.வுக்குப் போகும் அளவே மாறிவிடலாம். அதற்கு உள்ளீட்டு மின்தடை மிக உயர்ந்த ஆப்-ஆம்ப் ஒன்றை நடுவில் வைக்க வேண்டும். த்ராட்டிலும் மேனிஃபோல்டு அழுத்தமும் இப்படி நோகிற ரகம் அல்ல.

#17 வரைபடக்காரன்

இரண்டு கோப்புகளையும் பொருத்த ஒரு யோசனை. அடாப்டர் பதிவையும் அர்டுவினோ பதிவையும் ஒரே லேப்டாப் கடிகாரத்தில் ஓட்டுங்கள். தொடங்கியதும் நின்ற வண்டியில் ஆக்சிலரேட்டரை ஒருமுறை முழுதாக மிதித்து விடுங்கள். அந்த முகடு இரண்டிலும் பதியும்; அதை வைத்து நகர்த்திப் பொருத்தலாம். ஓட்டும்போது லேப்டாப்பைப் பார்க்காதீர்கள். பக்கத்தில் ஒருவர் உட்காரட்டும், இல்லையென்றால் வீட்டுக்கு வந்து பாருங்கள்.

#18 இரண்டாம்கியர்

கிடைத்துவிட்டது.

மூன்று சேனல் எடுத்தேன்: த்ராட்டில், மேனிஃபோல்டு அழுத்தம், 5 வோல்ட் ரெஃபரன்ஸ். ரெஃபரன்ஸ் கோடு போட்டதுபோல் நேராக இருக்கிறது. த்ராட்டில் 0.5 வோல்ட்டிலிருந்து ஒழுங்காக ஏறி, 1.4 வோல்ட்டை நெருங்கும்போது சடாரென்று கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு விழுந்து, சுமார் 40 மில்லிநொடியில் பழைய இடத்துக்கு வருகிறது. அந்த நேரத்தில் மேனிஃபோல்டு அழுத்தத்தில் அசைவே இல்லை. அதாவது த்ராட்டில் தகடு உண்மையில் மூடவில்லை. சென்சார் மட்டும் மூடியதாகச் சொல்கிறது. எஞ்சினை அணைத்து இக்னிஷனை மட்டும் போட்டு மிதியை மெல்ல நகர்த்தினாலும் அதே இடத்தில் அதே பள்ளம்.

#19 கேலைன்

உள்ளே இருக்கும் கார்பன் தடம் தேய்ந்திருக்கிறது. நகரத்து ஓட்டத்தில் கால் அதிக நேரம் நிற்கும் இடம் அது. அங்கேதான் முதலில் தேயும். மிதியை விட்டுவிட்டார்கள் என்று நினைத்து ஈ.சி.யூ. எரிபொருளைக் குறைக்கிறது, வண்டி தயங்குகிறது. 119 மில்லிநொடிக்கு ஒருமுறை எட்டிப் பார்த்தால் 40 மில்லிநொடிப் பள்ளம் மூன்றில் ஒருமுறைதான் கண்ணில் படும், அதுவும் ஒற்றைப் புள்ளியாக. நீங்கள் முன்பு பார்த்த அந்தப் புள்ளி உண்மைதான். பிழைக் குறியீடு விழாததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். பிழை குறிப்பிட்ட நேரம் நீடித்தால்தான் பல ஈ.சி.யூக்கள் அதைக் கணக்கில் எடுக்கும்.

#20 சோக்குப்பிடி

முள் மானி வைத்து மெல்ல மிதித்திருந்தால் முள் துள்ளியிருக்கும். சொன்னேன் அல்லவா. இருந்தாலும் வரைபடம் அழகு, ஒப்புக்கொள்கிறேன்.

#21 தூசிவடிகட்டி

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னுடையது 1980களின் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டி, 12 முள் சாக்கெட், நொடிக்கு 160 பிட். இதை வேகப்படுத்த முடியுமா?

#22 முனையச்சாளரம்

160 பிட் வகையில் ஈ.சி.யூ. தன் பட்டியலைத் தானாகத் திரும்பத் திரும்ப ஒப்பிக்கிறது. ஒரு சுற்றுக்கு ஒரு நொடிக்கு மேல் ஆகும். அதை அவசரப்படுத்த வழியில்லை. பின்னால் வந்த 8192 வகையில் 64 பைட் பட்டியலே 80 மில்லிநொடிக்குள் வந்துவிடும், ட்யூனர்ப்ரோ நிரலில் அதற்கான வரையறைக் கோப்புகள் கிடைக்கின்றன. உங்களுடையது 160 என்றால் இணைமின்தடை சொன்ன அர்டுவினோ வழிதான்.

#23 இரண்டாம்கியர்

புதிய த்ராட்டில் சென்சார் மாட்டியாயிற்று. மூடிய நிலையில் 0.48 வோல்ட், ஏற்றம் முழுவதும் வழவழப்பாக இருக்கிறது, தயக்கம் போய்விட்டது. அனைவருக்கும் நன்றி. கம்பிகளை இன்னும் கழற்றவில்லை. நான்காவது சேனலில் இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தைப் பார்க்க ஆசை. அதே 10 கிலோ ஓம் போதுமா?

#24 இணைமின்தடை

போதாது. இன்ஜெக்டர் அணையும் கணத்தில் அந்தக் கம்பி 60 வோல்ட்டுக்கு மேல் எகிறும். ஆப்டோகப்ளர் வையுங்கள். நொடிக்கு 500 முறை படிப்பதும் இங்கே உதவாது. ஐட்லிங்கில் அது திறந்திருப்பதே 2, 3 மில்லிநொடிதான். அனலாக் முனையில் படிக்காமல் இன்டரப்ட் முனையில் கொடுத்து, விளிம்புகளுக்கு இடைப்பட்ட நேரத்தை மைக்ரோநொடியில் அளந்துகொள்ளுங்கள். வரைபடம் வந்ததும் இங்கே போடுங்கள்.